முதுகில் விழுந்த தட்டும் இடப்பக்க நுரையீரலும்

ராயப்பன்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

பொட்டிப்புரத்தில் இருக்கும் அன்புள்ள அக்கா சகாயராணிக்கு, தம்பி பங்கிராஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா தயவில் நீயும் அத்தானும் சுகமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் முக்கால்வாசி நேரம் இருமலே பேசிவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

ஆறு வருஷமாக ஆஸ்துமா என்று உறிஞ்சிய மருந்தெல்லாம் வீண், அக்கா. தினமும் காலையில் அரை டம்ளர் சளி வருகிறது என்றதும் தேனி டாக்டர் விஜய்ராஜ் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "ஐயா, உங்க மூச்சுக்குழாய் விரிஞ்சு தளந்துபோச்சு. சளி வெளிய வரமுடியாமக் குட்டையாத் தேங்குது, அதுல கிருமி குடியிருக்கு" என்றார். சளியைச் சோதித்து, அந்தக் கிருமிக்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார். இரண்டு வேளையும் தலையைத் தாழ்த்தி ஒருக்களித்துப் படுத்து, முதுகைத் தட்டிச் சளியை இறக்கச் சொன்னார். திராட்சைப் பந்தலுக்கடியில் கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் செங்கல் வைத்துப் படுத்தேன். வீட்டுக்காரி லூர்து மேரி தட்டத் தட்டக் கண் சொக்கியது. மலை செங்குத்தாய் நின்றது, மேகம் ஆறாகி மேலிருந்து கீழே ஓடியது, பந்தலும் நானும் அதில் மெல்ல மிதந்து போனோம். அப்போது பார்த்து உள்ளே வந்த பங்குச்சாமியார், "மேரி, எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம், அடிக்காதம்மா!" என்று குறுக்கே பாய்ந்துவிட்டார்.

ஒரு வருஷம் இப்படிப் போயும் இரண்டு தடவை சளியோடு ரத்தம் வந்தது. டாக்டர் சொன்னார்: "எல்லாருக்கும் ஆப்பரேஷன் தேவையில்லைய்யா. உங்களுக்கு இடப்பக்க நுரையீரலோட கீழ் மடல்ல மட்டுந்தான் நோய், மத்ததெல்லாம் நல்லாருக்கு. மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்கல, ரத்தமும் வருது. அந்த மடலை எடுத்துறலாம்."

"எடுத்துட்டு அங்கன என்ன வைப்பீக?"

"ஒண்ணும் வைக்கமாட்டோம். மிச்ச நுரையீரல் விரிஞ்சு நிரப்பிக்கிரும்."

எதையும் வைக்காமல் எடுக்க நான் சம்மதிக்கவில்லை. வெளியே வந்ததும் லூர்து மேரி அழுதாள். "நீங்க இருமயில ஒங்க மொகத்தையா பாக்குறேன்? துண்டு செவப்பாருக்கான்னுல்ல பாக்குறேன்" என்றாள். ஆனாலும் முடியாதென்றால் முடியாது. நீ அவளுக்குப் போன் போட்டு, "அவனை அவன் பாட்டுக்கு மிதக்க விடு ஆத்தா" என்று கண்டிப்பாகச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை வரைந்துவிடு.

உன் தம்பி,
பங்கிராஸ்

பி.கு.: போன் போட வேண்டாம். மேலே உள்ளதை எழுதி ஒரு மாதமாகிறது, அனுப்பவில்லை. உறையை ஒட்டுமுன்னே மூன்றாம் தடவை ரத்தம் வந்தது. லூர்து மேரி முகத்தைப் பார்த்தேன், ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ பஸ் ஏறி வந்து அழுவாய் என்றுதான் சொல்லவில்லை, கோபிக்காதே. மதுரையில் மடலை எடுத்து இருபது நாளாகிறது. வலி இருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, சளி நின்றுவிட்டது. மத்தியானம் இருமாமல் தூங்கினால் இவள் பதறிப்போய் உலுக்குகிறாள்: "ஏங்க, இருக்கீகளா?"

இருக்கேன், அக்கா.