கடலடியில் காவல்

கண்காட்சிச் சுவரில், குரானிஷி எழுதிய பதினோரு பத்திரிகைத் தலைப்புகளின் முன்னால் ஒரே ஒருவர்தான் நின்றார். அவரும் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

எதிர்ச் சுவரில் கூட்டம் முண்டியடித்தது. அங்கே இருந்ததோ ஒரே தலைப்பு: "நம் கப்பல்கள் கடலடியில் காவல் நிற்கின்றன." கீழே ஓர் அட்டை: "1944. அந்தக் கப்பல்கள் முந்தின வாரமே மூழ்கியிருந்தன. போர் முழுவதும் நம் பத்திரிகையில் வந்த ஒரே உண்மைத் தலைப்பு. எழுதியவர்: மொமோசே."

மொமோசே பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பத்திரிகையில் தலைப்பு எழுதி ஓய்வுபெற்றவர்கள். பத்திரிகைக்கு எண்பது வயது ஆனதற்காக, பல்பொருள் அங்காடியின் ஐந்தாம் மாடியில் இந்தக் கண்காட்சி.

அந்தத் தலைப்பு ஊரில் சொல்வழக்காகவே ஆகிவிட்டது. பரீட்சையில் தோற்றவனைப் பற்றி, "கடலடியில காவல் நிக்கிறான்" என்பார்கள். மதுக்கடை மேசைக்கடியில் கிடப்பவனுக்கும் அதேதான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குரானிஷிக்கு வயிறு எரியும். காரணம், அன்று தலைப்பு மேசையில் இருந்தவர் மொமோசே அல்ல, குரானிஷிதான். எழுதும்போது என்ன நினைத்தார் என்பது நினைவில்லை. ஆனால் இருபது வருடம் வாய் திறக்காமல் அதையே யோசித்து யோசித்து, துணிந்துதான் எழுதியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

நாளை பத்திரிகையின் வரலாற்றுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதில் ஏறிவிட்டால் மொமோசேயின் பெயர் அழியாது.

குரானிஷி நேராகக் கண்காட்சிப் பொறுப்பாளர் நருசேயிடம் போனார். அந்தப் பெண்மணிதான் புத்தகத்தையும் தொகுக்கிறாள்.

"அம்மா, அந்தத் தலைப்பு என்னோடது. துணிஞ்சு, தெரிஞ்சே எழுதினது."

"இருபது வருஷமா ஏன் சொல்லலை?"

"அடக்கம்."

"ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"ராணுவப் போலீஸ் வந்து முதல்ல என்னைத்தான் கேட்டாங்க, யார் எழுதினதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

குரானிஷி மேசையில் தனக்கு வைத்திருந்த தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். பத்திரிகையில் பல வருடமாக வேலை பார்க்கும் கிக்குயோ, தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தார்.

"ஐயா, என்ன சொன்னீங்க?"

"மொமோசேன்னு சொன்னேன்."

நருசே குறித்துக்கொண்டாள். "அதாவது, எழுதினதும் நீங்க, காட்டிக்கொடுத்ததும் நீங்க."

"அதை எழுதாதீங்க!"

"எதை? முதல் பாதியையா, ரெண்டாவது பாதியையா?"

"ரெண்டாவதை."

"அது இல்லாம இது நிக்காதே ஐயா."

குரானிஷிக்கு வியர்த்தது. "அவனேதான் கேட்டுக்கிட்டான்! 'பழியை நான் ஏத்துக்கறேன், என் பேரைச் சொல்லு'ன்னான்!"

அவசரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பியது. மொமோசே எழுந்து வந்தார்.

"யோவ், நானா கேட்டேன்? மூணு நாள் வச்சு அறைஞ்சாங்கய்யா. இந்தக் காது இன்னும் சரியாக் கேக்காது. 'நான் எழுதலை, எழுதலை'ன்னு கத்தினேன், அவங்க நம்பலை. போர் முடிஞ்சதும் ஊர்க்காரங்ககிட்ட அதையேதான் சொன்னேன். இவங்களும் நம்பலை. அடக்கமாம்!"

"அப்புறம் கையெழுத்து எதுக்குப் போட்டே?"

"இவ்வளவு மரியாதையாக் கேக்கறாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ காட்டிக்கொடுத்தது இந்த ஆளா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "இவர் எழுதினது எங்கே மாட்டியிருக்கு?"

குரானிஷி ஏங்கிய கூட்டம் கடைசியில் அவருடைய சுவருக்கே வந்துவிட்டது. ஒருவர் உரக்கப் படித்தார்: "'அரிசி குறையவில்லை, பசியே கூடியிருக்கிறது.'" மாடியே அதிரச் சிரித்தார்கள்.

நருசே ஒரு தாளை நீட்டினாள். "ரெண்டு பேரையும் போட்டுடறேன். எழுதியவர் குரானிஷி, அடி வாங்கியவர் மொமோசே."

அதைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி மொமோசேயைப் பார்த்துத் தலைதாழ்த்தி வணங்கினாள். குரானிஷியால் அதையும் பொறுக்க முடியவில்லை.

"அடி வாங்கினவன் பேரு சின்ன எழுத்துல வரட்டும்."

"சரி. 'துணிந்து, தெரிந்தே எழுதினேன். காட்டிக்கொடுத்ததும் நானே'ன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துக்குப் பதிலா உங்க பெயர் முத்திரையைக் குத்துங்க."

அவர் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் குத்தினார்.

கிக்குயோ காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "முத்திரை குத்தியாச்சா ஐயா?"

"ஆச்சு. ஏன்?"

"அப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துலேருந்து அச்சுக்கோர்க்க அனுப்பியிருந்தாங்க. நீங்க 'கடல்மேல்'னுதான் எழுதிக் கொடுத்தீங்க. 'மேல்'ங்கிற அச்செழுத்தெல்லாம் மேலும் மேலும் வெற்றின்னு முதல் பக்கத்துலேயே தீந்துபோச்சு. பக்கத்துப் பெட்டியிலேருந்து ஒரு 'அடி'யை எடுத்து வச்சேன். அது மொமோசே ஐயா கன்னத்துல போய் விழும்னு யாருக்குத் தெரியும்?"