அவள் பக்கத்துக் கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடம். வண்டி தெருமுனையைத் தாண்டி நூறடிகூடப் போயிருக்காது.

"ஏதோ சத்தம் கேக்குதுங்க," என்றாள் மனைவி.

டாக்டர் வேகத்தைக் குறைத்தார். "என்ன சத்தம்?"

"டிக், டிக்குன்னு."

"எங்க?"

"என் பக்கத்துக் கதவுல. உள்ள."

டாக்டர் காதைக் கூர்மையாக்கினார். ஆறு சிலிண்டரும் ஒழுங்காக உறுமின. வேறு எதுவும் கேட்கவில்லை.

"தொடர்ந்து கேக்குதா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டு."

"அழுத்தினா அதிகமாகுதா?"

மனைவி கதவை அழுத்திப் பார்த்தாள். "ஆமா. காத்து பட்டாலும் அதிகமாகுது."

டாக்டர் வண்டியைத் திருப்பினார். கடலுக்குப் போவதற்காகக் கட்டிய பை, பின்னிருக்கையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனது.

அவர் பல் டாக்டர். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். வலிக்கிறது என்று சொன்னால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது டாக்டருடைய கவலை. அந்த முப்பத்தெட்டு வருடமும் மனைவி முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தாள். எந்த நோயாளி எப்படி வலி சொல்வார் என்பது அவருக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும்.

வலது கைவிரல் லேசாக நடுங்க ஆரம்பித்ததும் கிளினிக்கை மூடினார். யாரும் சொல்லவில்லை. அவராகவே மூடினார். பிறகு நான்கு மாதம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார். மனைவி சுவருக்கு வேறு நிறம் அடித்துப் பார்த்தாள். அதையும் பார்த்தார்.

ஐந்தாம் மாதம் ஒரு லாரியில் வண்டி வந்து இறங்கியது. எழுபத்திரண்டில் இத்தாலிக்காரர்கள் செய்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, இமை திறப்பதுபோல் மேலே எழும்பும் முன்விளக்குகள். நாள் முழுக்க ஓட்டினாலும் அலுப்புத் தெரியாமல் தூர தேசம் போவதற்கென்றே செய்த வண்டி. வந்தபோது நான்கில் ஒரு சக்கரம்தான் சுற்றியது. என்ஜினுக்குள் எலிகள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன.

"வித்தவர் என்ன சொன்னார்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. சாவியக் குடுத்துட்டு வேகமாப் போயிட்டார்."

ஆறு வருடம். பல்லைச் சுரண்டும் கொக்கியால் துருவைச் சுரண்டினார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை என்ஜினுக்குள் விட்டுப் பார்த்தார். விரல் நடுங்கியது. இரும்புக்கு வலிக்காது என்று புரிந்தபிறகு அவ்வளவாக நடுங்கவில்லை.

முடிந்ததும் இருவரும் கடல் வரை போவதாகப் பேச்சு. இருநூறு கிலோமீட்டர். ஞாயிறும் திறந்திருந்த கிளினிக் அது. அவர்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை. அவள் அந்த வண்டியில் உட்கார்ந்து, ஒரு குறையும் சொல்லாமல், கடலைப் பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வண்டி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளில் அவர் இரண்டு முறைதான் சவரம் செய்திருந்தார்.

திங்கள் காலை ஆறு மணிக்கே முகம் மழித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அவள் பக்கத்துக் கதவின் உள்தோலைக் கழற்றினார். சின்னக் கண்ணாடியால் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. துடைத்து, எண்ணெய் விட்டு, மூடினார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"டிக் இல்ல," என்றாள் மனைவி.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உஸ்ஸுன்னு கேக்குது."

இது அவருக்கும் கேட்டது. ஜன்னல் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கி, மேலே ஏற மறுத்தது. கழற்றிப் பூட்டியதில் வந்த வினை.

புதன்கிழமை, கண்ணாடியை ஏற்றும் கேபிளை இறுக்கினார். அது அறுந்தது. கண்ணாடி, தபால் பெட்டியில் போட்ட கடிதம்போல, கதவுக்குள் இறங்கி மறைந்தது.

ஷாக்கைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வண்டிகளுக்கு ஒயர் வேலை செய்பவர். கரண்ட் இருக்கிறதா என்று நனைந்த விரலால் தொட்டுப் பார்ப்பார். சொந்தப் பெயர் அவருக்கே எப்போதாவதுதான் தேவைப்பட்டது.

"இத்தாலி வண்டி டாக்டர்," என்றார் ஷாக், கதவுக்குள் தோள்வரை கையை விட்டபடி. "சிவப்பு ஒயர் உள்ள போகும், பச்சையா வெளிய வரும். ஏன்னு கேக்கக் கூடாது."

"அறுந்தது கேபிள். நீ ஏன்ப்பா ஒயரத் தொடற?"

"வழியில நின்னுச்சு."

பழைய கேபிளை முடிச்சுப் போட்டுக் கண்ணாடியை ஏற்றினார்கள். கண்ணாடி நின்றது. ஆனால் வண்டியை வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஹாரன் அடித்தது.

வியாழக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து காய்கறிக் கடைக்கு இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனார்கள். பத்து நிமிட வழிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"ஊர நல்லாப் பாத்தாச்சு," என்றாள் மனைவி.

"கதவுல சத்தம் கேக்குதா?"

அவள் சிறிது நேரம் காது கொடுத்தாள். "டிக் திரும்ப வந்துடுச்சுங்க. முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் உள்ளாற."

"உள்ளாறன்னா?"

"வேர்ல இருந்து வர மாதிரி."

அந்தச் சொல் அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. வேர் என்றால் மேலாகத் துடைத்துப் பயனில்லை. அன்று மாலையே டேஷ்போர்டைப் பிரித்தார். ஹாரன் ஒயரையும் தானே சரி செய்தார்.

வெள்ளிக்கிழமை வலப்பக்கம் திரும்பினார்கள். ஹாரன் அடிக்கவில்லை. பதிலாக, மூடியிருந்த முன்விளக்கு ஒன்று மட்டும் மெல்ல எழுந்து, மெல்லப் படுத்தது.

சிக்னல் திருப்பத்தில் பேருந்துக்காக நின்ற பெண்மணி வண்டியைப் பார்த்தார். அது மறுபடி கண்ணடித்தது. அவர் குனிந்து டாக்டரைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்களா?" என்றாள் மனைவி.

"பேஷண்டா இருக்கலாம்."

"அவங்க சிரிக்கறதப் பாத்தா பல்லு நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்தினார். சாவியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி இறங்கவில்லை.

"வித்துடலாம்னு இருக்கேன்," என்றார்.

"எத?"

"இதத்தான். பழைய வண்டி வாங்கறவர் ஒருத்தர் ரெண்டு தடவ கேட்டாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லப் போறேன்."

"ஒரு சின்னச் சத்தத்துக்கா விக்கறது?"

"எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. காதும் போச்சு போல." தன் வலது கையைப் பார்த்தார். "உன்ன உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகத்தான் இத்தனையும். உனக்கே சரியா இல்லன்னா யாருக்கு ஓட்டறது?"

"வித்துட்டு என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. உக்காந்திருக்கேன்."

மனைவி இறங்கி வீட்டுக்குள் போனாள். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் யாரிடமோ பேசுவதுபோல் இருந்தது. தன் காதை அவர் இப்போது நம்பத் தயாராக இல்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, கூப்பிடாமலே ஷாக் வந்தார்.

"கண்ணடிக்குதாமே. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"யார் சொன்னது?"

"தெருவே பேசுது டாக்டர்."

பத்து நிமிடம் வண்டிக்குள் தலையை விட்டிருந்தார். பிறகு, மனைவி கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

ஒன்பதரைக்கு, வாங்க வருபவருக்குக் காட்ட வண்டியை வெளியே எடுக்கலாம் என்று டாக்டர் சாவியைத் திருகினார். ஒரு முனகல்கூட இல்லை. மறுபடி திருகினார். விளக்கு எழும்பவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் லாரியிலிருந்து இறங்கியபோது இருந்ததுபோல வண்டி மௌனமாக இருந்தது.

பத்து மணிக்கு வந்தவர் வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அழகு என்றார். ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். டாக்டர் திருகினார்.

"ஓடறப்ப சொல்லி விடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதில் தனக்கு வருத்தமே இல்லை என்பது டாக்டருக்கே விசித்திரமாக இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார். முன்மூடியைத் திறந்து குனிந்தார்.

"இது டிக் இல்ல, உஸ் இல்ல," என்றார். "அப்படியே அடங்கிப் போச்சு. எங்கயோ ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துல விட்டுப் போயிருக்கு. கண்டுபிடிக்காம விடப் போறதில்ல. அந்தச் சின்னக் கண்ணாடியக் குடு."

மனைவி கொடுத்தாள். இன்னொரு கையில் டார்ச் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வெளிச்சம். இன்னும். ஆங், அப்படியே வெச்சுக்க."

"கை வலிக்குதுங்க."

"வலிக்குதுன்னா கைய மாத்திக்க." அவர் தலை நிமிரவில்லை. "இது முடியட்டும், அப்புறம் டேஷ்போர்டு. அப்புறம் உன் கதவு. கடல் எங்கயும் போயிடாது."

"போகாது," என்றாள்.

மூடியின் விளிம்பில் வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார். ஷாக்.

"நல்ல நேரத்துல கூப்பிடறான். இவனத்தான் கேக்கணும்."

"நான் பேசிக்கறேன், குடுங்க," என்று மனைவி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினாள்.

கையில் கிரீஸ் இருந்ததால் டாக்டர் முழங்கை நுனியால் போனை அழுத்தியிருந்தார். ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்தியது. ஷாக்கின் குரல் ஷெட் முழுவதும் கேட்டது.

"அம்மா, நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஒயரக் கழட்டி உள்ள தள்ளி விட்டிருக்கேன், டாக்டருக்கு ரெண்டு வாரம் தாங்கும், அதுக்கப்புறம் எந்தப் பக்கம் சத்தம் கேக்குதுன்னு சொல்லப் போறீங்க?"