மூன்று மைதானங்களும் ஒரு கண்ணாடிக்காரரும்

"ரெண்டு கோச்சும் ஒரே நேரத்துல கூப்பிடறாங்க. எதை எடுக்கறது?"

கண்ணாடிக்காரர் ஒரு கையில் தன்னுடைய போனையும் மறு கையில் மனைவியின் போனையும் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றார். இரண்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

"ரெண்டையும் எடுக்காதீங்க," என்றாள் மனைவி. அவள் பல் டாக்டர். எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "முதல்ல என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ணல. சனிக்கிழமை காலைல வாலு ரெண்டு மேட்ச் ஆடணும். அவ்வளவுதான்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நேரத்துல."

வாலு என்பது அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கால்பந்து நன்றாக ஆடுவாள். இடது காலால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓரமாக ஓட ஆரம்பித்தால் துரத்துகிறவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். இந்த வருடம் அவளை ஒரு கிளப்பில் சேர்த்துவிடுவது என்று முடிவானது. சேர்க்கிற பொறுப்பைக் கண்ணாடிக்காரர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கேதான் சனி பிடித்தது.

மனிதருக்குத் தொழில் புத்தி. நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கின்மேல் கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா? சரி, மறுபடி முன்னாடி போட்டதையே போடறேன், இப்ப சொல்லுங்க" என்று கேட்டே பழகியவர். ஒரு லென்ஸின் அருமை அடுத்ததைப் போட்டால்தான் தெரியும், அடுத்ததன் அருமை முதலாவதற்குத் திரும்பினால்தான் தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். செருப்பு வாங்கப் போனாலும் இதே கதைதான். மனைவியிடம் காதலைச் சொல்வதற்கே இரண்டு வருடம் யோசித்தார். கடைசியில் பொறுமை இழந்து அவள்தான் சொன்னாள்.

கிளப் விஷயத்திலும் இதையே செய்தார். முதலில் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் பூங்கா அணி. கோச் ஒரு பேக்கரிக்காரர். ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாக் குழந்தைகளையும் ஆடவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு பன் கொடுத்து அனுப்புகிற தங்கமான மனிதர். கண்ணாடிக்காரர் அங்கே வாலுவின் பெயரைக் கொடுத்தார். இரண்டாவது, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் வருகிற அகாடமி. சீப்பு வைத்து வாரியதுபோல் புல். வாராவாரம் வெளியூர்ப் பயணம். கோச் கையில் எப்போதும் ஒரு டேப்லெட் இருக்கும், குழந்தைகளைவிட அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார். பெற்றோர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், கத்தக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்ட கண்ணாடிக்காரர் அங்கேயும் பெயரைக் கொடுத்தார்.

"பூங்கான்னா நடந்தே போயிடலாம்," என்பாள் மனைவி. "அகாடமின்னா சனி ஞாயிறு ரெண்டும் போச்சு. நான் காருக்குள்ளயே குடித்தனம் பண்ணணும். இதுல யோசிக்க என்ன இருக்கு? சொத்தைன்னு தெரிஞ்சா பிடுங்கிடணும்."

"அவசரப்படக் கூடாதும்மா. வாலு, நீ சொல்லு. ஒண்ணா, ரெண்டா?"

வாலு இரண்டு இடங்களிலும் பயிற்சி முடிந்ததும் கோச்சிடம் தனியாகப் போய் ஏதோ பேசுவாள். இரண்டு கோச்சுகளும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். முன்வரிசையில் ஆடக் கேட்டிருப்பாள், கிடைத்திருக்காது என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான்பா இருக்கு," என்றாள் வாலு. "வேற ஏதாவது இருக்கா?"

கண்ணாடிக்காரர் பூரித்துப்போனார். "பார்த்தியா? என் பொண்ணு! இதுதான் கேள்வி!"

"ரெண்டு பேரும் ஒரே அச்சு," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருடைய அக்கறைக்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் அவரும் ஆடியிருக்கிறார். மரக்கடைக்குப் பின்னால் ஒரு காலி இடம். இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பைகள்தான் கோல். மூக்குக்கண்ணாடியை ரப்பர் பேண்டால் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு சோடாபுட்டி என்ற பட்டப்பெயரோடு அவர் கோலில் நிற்பார். பாய்ந்து விழுந்தால் சட்டையெல்லாம் மரத்தூள் ஒட்டும். அந்த வாசனையோடுதான் வீட்டுக்குப் போவார், அந்த வாசனைக்காகவே திட்டும் வாங்குவார். ஒரு விடுமுறை முடிந்து திரும்பி வந்தபோது அந்த இடத்தைச் சுற்றி மதில் எழுந்துவிட்டது. கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராக ஒவ்வொரு ஊருக்குப் போனார்கள். கடைசி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பார்.

இதைச் சாப்பாட்டு மேசையில் அவர் சொல்லாத வாரம் கிடையாது. "அன்னிக்கு ஒரு ஷாட் வந்தது பாரு..." என்று ஆரம்பித்தால் மனைவி ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளி, "மரக்கடை மேட்ச் ஆரம்பிச்சாச்சு. வாலு, நீயாவது கேளு," என்பாள். வாலு கேட்பாள். ஒவ்வொரு முறையும் முழுசாகக் கேட்பாள். எந்த இடத்தில் அப்பாவின் குரல் இறங்கும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

தன் மகளுக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்க வேண்டும், யாரும் மதில் எழுப்பாத இடமாக அது இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையெல்லாம். அந்த ஆசைதான் இப்போது இரண்டு போன்களில் அடித்துக்கொண்டிருந்தது.

"பேக்கரிக்காரர்தான் கோவிச்சுக்க மாட்டார். இந்த ஒரு வாரம் பூங்காவுக்கு வரலைன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

அதை அப்படியே சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. பேக்கரிக்காரரின் மனம் நோகக் கூடாதே என்று கண்ணாடிக்காரர் போனை எடுத்து, "குழந்தைக்குக் கால் சுளுக்கிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டார்.

"ஐயோ பாவம்! எந்தக் கால்?"

இதை அவர் யோசிக்கவில்லை. "ரெண்டும்," என்றார்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் காரை எடுத்துக்கொண்டு மூவரும் அகாடமிக்குப் போனார்கள். அங்கிருந்து அணி மொத்தமும் ஒரு பஸ்ஸில் வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்பட்டது. பெற்றோரும் அதே பஸ்ஸில். டேப்லெட் கோச் முன் சீட்டில் உட்கார்ந்து திரையைத் தடவிக்கொண்டே வந்தார்.

கண்ணாடிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்துக்கொண்டு வந்தார். "பயணம்னா இதுதான். புது ஊர், புது மைதானம். நாங்கெல்லாம் மரக்கடையைத் தாண்டினதே இல்லை."

கொஞ்ச தூரம் போனதும் மனைவி வெளியே எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அந்தப் பெட்ரோல் பங்க்கை எங்கேயோ பார்த்த மாதிரி இல்ல?"

"எல்லா பங்க்கும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"அது என் கிளினிக் போர்டு மாதிரி இருக்கே?"

"எல்லா பல்லும் ஒரே மாதிரிதான்..."

சொல்லி முடிப்பதற்குள் பஸ் அவர்கள் வீட்டைத் தாண்டியது. மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய சட்டை அவரைப் பார்த்துக் கையை ஆட்டியது. பின்தெருவில் திரும்பி, பூங்கா வாசலில் பஸ் நின்றது. அகாடமிக்கு அன்றைய வெளியூர் அவர்களுடைய ஊர்தான்.

"குனிஞ்சுக்கோ," என்றார் கண்ணாடிக்காரர் மகளிடம்.

"எவ்வளவு நேரம்பா குனியறது? நான் ஆடணுமே!"

பேக்கரிக்காரர் பஸ்ஸை வரவேற்கப் பன் கூடையோடு வந்துகொண்டிருந்தார். இரண்டு காலும் சுளுக்கிய குழந்தை அகாடமி ஜெர்சியில் குதித்து இறங்குவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சுளுக்கு சீக்கிரம் சரியாயிடுச்சு போல," என்று மட்டும் சொன்னார். பிறகு பழக்கதோஷத்தில் வாலுவின் கையில் ஒரு பன்னையும் கொடுத்தார். கண்ணாடிக்காரருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

டேப்லெட் கோச் முதல் தடவையாகத் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இந்தப் பொண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் டீம் சார் அவ."

"என் டீம்."

நடுவர் இரண்டு அணிகளின் பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. அவர் கால்பந்துச் சங்கத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, ஒரு குழந்தையின் பெயர் இரண்டு கிளப்பில் இருந்தால் அந்த வருடம் எதிலும் ஆட முடியாது, அதுதான் விதி என்றார். வாலு மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து பன்னைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். அதைப் பார்க்கக் கண்ணாடிக்காரரால் முடியவில்லை.

"நானே மதில் கட்டிட்டேன்," என்றார் மனைவியிடம். "என் குழந்தையோட ஒரு வருஷத்தை நானே மூடிட்டேன்."

பல் டாக்டருக்கும் அன்று பிடுங்க மனம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சங்கத்துல நான் பேசறேன். இருங்க."

பேசினாள். வாயைத் திறக்க வைப்பது அவளுக்குக் கைவந்த கலை ஆயிற்றே. இரண்டு கிளப்பும் பெயரை எடுத்துவிட்டால், புதிதாக மூன்றாவது ஒரு கிளப்பில் சேரலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். ஆனால் திங்கட்கிழமைக்குள் சேர்ந்துவிட வேண்டும். பெயரை எடுக்க வைப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. இரண்டு கோச்சும் போட்டி போட்டுக்கொண்டு எடுத்தார்கள்.

"ஒரே நாள்ல மூணாவது கிளப்புக்கு எங்க போறது?" என்று கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒப்பிட்டுப் பார்க்கக்கூட நேரம் இல்லையே!"

"ரயில் பாலத்துக்குக் கீழ ஒண்ணு இருக்குப்பா," என்றாள் வாலு. "நான் போன்ல விசாரிச்சுட்டேன். அங்கேயே சேரலாம்."

"அங்க ஒரு புல்லுகூட கிடையாதேடி," என்றாள் அம்மா.

"பரவாயில்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்தார்கள். உண்மையிலேயே ஒரு புல்கூட இல்லை. செம்மண் தரை, வலை இல்லாத துருப்பிடித்த கோல் கம்பங்கள், தலைக்குமேல் அவ்வப்போது தடதடக்கும் ரயில். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் குனிய முடியாமல் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோச்சே இத்தனை பேரா? அதுவும் இவ்வளவு தொப்பையோடயா?" என்று மனைவி முணுமுணுத்தாள்.

முந்தின இரவு பெய்த மழையில் மண் வாசனை கிளம்பிக்கொண்டிருந்தது. மரத்தூள் வாசனை இல்லைதான். ஆனாலும் கண்ணாடிக்காரருக்கு ரப்பர் பேண்ட் காதைக் கவ்வுவதுபோல் இருந்தது. கூட ஆடிய பையன்களின் பெயரெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்தும் தெளிவாகவில்லை. தப்பு கண்ணாடியில் இல்லை.

நடுவில் ஒரு பெண்மணி வண்டி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கிளப்பை நடத்துவதும் அவர்தான், கோச்சும் அவர்தான் என்றாள் வாலு. கண்ணாடிக்காரர் அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நடந்ததெல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. குழந்தை மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நான் பண்ணினது. தயவுசெஞ்சு அவளைச் சேர்த்துக்கணும்."

"அவ பேரைக் காலைலயே சங்கத்துக்கு அனுப்பிட்டேன் சார். ஓகேன்னு பதிலும் வந்தாச்சு."

கண்ணாடிக்காரர் அப்பாடா என்று மூச்சு விட்டார். அதற்குள் வாலு மற்ற பெண்களோடு கலந்து இடது ஓரமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"அங்க புல்லு இருந்தது, பஸ் இருந்தது. பூங்கான்னா வீட்டுக்குப் பக்கம். இங்க என்னத்தைப் பார்த்து அவளுக்குப் பிடிச்சதுன்னுதான் எனக்குப் புரியல."

அந்த அம்மா கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, வண்டியின் அடியிலிருந்து ஒரு ஜோடி கோல்கீப்பர் கையுறைகளை எடுத்து நீட்டினார். கண்ணாடிக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவளுக்கு ரொம்பப் பெருசா இருக்குமேம்மா. அவ கோல்ல நிக்கவும் மாட்டா."

"அவளுக்கு யார் சார் குடுத்தா? உங்களுக்குத்தான்! 'அப்பாக்களுக்கு டீம் இருக்கா'ன்னு ஒவ்வொரு கிளப்பா கேட்டுக்கிட்டே வந்து, இங்க இருக்குன்னதும்தானே உங்க பொண்ணு சேர்றேன்னா!"