எட்டுக்குப் போன கூறைப்புடவை

மொழியே தெரியாதவள் பிழைத்துக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பாள். கொஞ்சம் தெரிந்தவள்தான் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்குவாள். நான் கொஞ்சம் தெரிந்தவள்.

ஜப்பான்காரன் காலம். பினாங்கில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அதிசயம். காலி நிலத்திலெல்லாம் காய்கறி போட வேண்டும் என்று உத்தரவு. குமாஸ்தாவான என் அப்பா வீட்டுக்குப் பின்னால் பூசணி போட்டார். கொடி வேலிவரை ஓடியது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. (பக்கத்துக் கொய்யாமரத்துத் தேன்கூட்டை, "புள்ளைய கொட்டிடும்லா" என்று அப்பாதான் தீப்பந்தம் வைத்துக் கொளுத்தியிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற புத்தி எங்களில் ஒருவருக்கும் இல்லை.)

ஒரு நாள் காலை ஜப்பானிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வந்தார். இடுப்பில் வாள். அடுத்த தெருவில் காய்ந்துபோன கீரைப்பாத்திக்காக ஒருவரை அறைந்து லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். ஆள் இன்னும் திரும்பவில்லை. குனிந்து வணங்கிய அப்பா நிமிரவே மறந்துவிட்டார்.

அதிகாரி பூக்களைப் பார்த்தார். விரலால் காற்றில் வட்டம் வட்டமாகப் போட்டு, "ஹாச்சி வா? ஹாச்சி?" என்று அதட்டினார். பிறகு "அஷிதா!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"என்னாம்மா சொல்றாரு?" அப்பா குனிந்தபடியே கேட்டார்.

நான் ஜப்பான் பாஷை வகுப்பில் நூறுவரை மூச்சுவிடாமல் எண்ணுகிறவள். பதினேழு வயசுத் திமிர் வேறு. "அஷிதான்னா நாளைக்கு. ஹாச்சின்னா எட்டு. உருண்டையா காட்டுனாருல்ல? நாளைக்கு எட்டு பூசணிக்காய் வேணுமாம்பா."

"ஐயோ, எட்டா!" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கரையில், பாகான் டாலாமில் ஒரு அக்கா நிறையப் பூசணி போட்டிருப்பதாகக் கேள்வி. அன்றே நானும் அப்பாவும் கடல் தாண்டி ஓடினோம். "ஜப்பான் நோட்டு யாருக்குண்ணே வேணும்? துணி இருந்தா குடுங்கலா," என்றார் அவர். இது தெரிந்துதான் அம்மா தன் கூறைப்புடவையைப் பையில் வைத்து அனுப்பியிருந்தார். "உங்கப்பா உசுரவிடப் புடவையா பெருசு?" என்று சொன்னவர், சொல்லிவிட்டு அழுதார்.

காய்கள் வந்தன. "காய்ச்ச மாதிரி இருக்கட்டும்" என்று எட்டையும் வாழைநாரால் கொடியில் கட்டினார் அப்பா. (முடிச்சுப் போட்டது நான்.)

மறுநாள் காலை வந்த அதிகாரி ஆடிப்போய்விட்டார். நேற்று மொட்டைக் கொடி, இன்று எட்டுக் காய்! குனிந்து ஒன்றைத் தூக்கினார். நார் அறுந்தது. பூசணி உருண்டு அவர் பூட்ஸில் முட்டி நின்றது. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, என்னால் அப்பா சாகப்போகிறார் என்றே நினைத்தேன்.

அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பூவைப் பறித்தார். வாளை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, "புன்ன்... புன்ன்..." என்று ரீங்காரம் போட்டுக்கொண்டே, அதன் மகரந்தத்தை மற்றப் பூக்களில் தடவிக்கொண்டு போனார். பிறகு கொய்யாமரத்தின் கருகிய கிளையைக் காட்டி, "ஹாச்சி!" என்றார்.

"என்னாவாம்?" அப்பா முணுமுணுத்தார்.

"தேனீயாம்பா. தேனீ எங்கேன்னுதான் நேத்து கேட்டிருக்காரு."

"அப்ப எட்டு?"

"எட்டுக்கும் அதே சொல்லுதாம்பா."

அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த வாளே தேவலை. அதிகாரியோ காய்களை ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் "ஹாச்சி!" என்று விழுந்து விழுந்து சிரித்து, எட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அம்மாவே பூப் பறித்து, "புன்ன்... புன்ன்..." என்று கொடிக்குக் கொடி குனிந்தார். தேனீ ஓசியில் பார்த்துவந்த வேலைக்கு அம்மாவின் இடுப்பு கழன்றது. ஆனாலும் காய் நின்றது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. கொய்யாமரத்தில் தேனீக்கள் மறுபடி கூடு கட்டியபோது, சுருட்டோடுகூட அப்பாவை அந்தப் பக்கம் விடவில்லை அம்மா.

எங்கள் வீட்டில் இன்றுவரை தேனீக்குப் பெயர் 'எட்டு'தான். என் பேரன் பள்ளியில் தேனீப் படத்தைப் பார்த்து "மூணு எட்டு" என்று சொல்ல, வாத்தியார் "இருபத்துநாலு" என்று திருத்தினாராம். அம்மா இருந்தவரை, வீட்டுக்குள் ஒரு தேனீ நுழைந்தால் போதும், என்னைத்தான் கூப்பிடுவார்: "அடியே, எட்டு வந்திருக்கு. என் புடவை எங்கேன்னு கேளு. உனக்குத்தான் அது பாஷை தெரியுமே!"