முள்ளு நிக்கட்டும், வீரபாண்டி

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் இசக்கிராஜா அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்கியலக்ஷ்மியைக் கட்டிய வீரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நான், பாக்கியம், மகள் சாதனா மூவரும் சுகம். மழையும் சுகமாகப் பெய்கிறது. அங்கே தாங்களும், அக்காவும், தாங்கள் புதிதாக வாங்கிய ஸ்கூட்டரும் சுகமாக இருக்க வேண்டும் என்று பாக்கியம் விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். ஸ்கூட்டரை நான் சேர்த்துக்கொண்டேன்.

தாங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய குரலைக் கேட்டேன். பாக்கியமும் கேட்டாள். தங்கள் தொண்டைக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை என்பதால் மாடியில் குடியிருப்பவர்களும் கேட்டார்கள். "என்னவே மாப்ள, பொட்டப்புள்ள அத்தனை பெரிய மனுசங்க முன்னால பேச முடியாம நிக்குது, பெத்த அப்பன் நீரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்று கேட்டிருந்தீர்கள். கொழுக்கட்டை இல்லை மச்சான், கிராம்பு. பாக்கியம் தங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள், மீதியைத் தாங்களே முடித்துக்கொண்டீர்கள். போனிலேயே விளக்கியிருப்பேன். ஆனால் போனில் நான் தொடங்கும் வாக்கியத்தைத் தாங்கள் முடிக்கிறீர்கள், பிறகு அதற்கு நானே பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள் இங்கே மசாலாக் கடைத்தெருவான ஜூ டவுனில் எங்கள் சேட்டுவின் குடோனில் வற்றல் மிளகாய் வந்திறங்கியது. எடை போட்டு முடித்த கையோடு, சட்டை மாற்றாமல், படகேறி எறணாகுளம் போய், சாதனா படிக்கும் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர் சேவியர் சார் அறைக்குள் நுழைந்துவிட்டேன். மரியாதைக்காகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து நன்றாக ஓர் உதறு உதறி இடுப்பில் கட்டினேன். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சேவியர் சார் தும்மினார். அப்புறம் கிளார்க் தும்மினார். அப்புறம் வராந்தாவில் கையெழுத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகள் வரிசையாகத் தும்ம ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை, பழகிப்போன மூக்கு. "எந்தா சேட்டா இது?" என்று அவர் கண்ணீரோடு கேட்டார். என்ன அண்ணே இது என்று சரக்கைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "குண்டூர் மிளகாய் சார், முதல் தரம்" என்றேன். அதன்பிறகு நான் கேட்டதற்கெல்லாம் அவர் சரி சரி என்று தலையாட்டினார். என் வாய்ச் சாமர்த்தியம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். என்னைச் சீக்கிரம் வெளியே அனுப்பத்தான் அத்தனை சரி என்று பாக்கியம் சொன்ன பிறகுதான் புரிந்தது.

நான் கேட்டது என்னவென்றால், சாதனாவுக்கு வைவா வேண்டாம் என்பது. வைவா என்றால், செய்முறைத் தேர்வு முடிந்ததும் வாத்தியார்கள் எதிரே உட்காரவைத்து வாயால் கேள்வி கேட்பார்கள், பிள்ளை வாயால் பதில் சொல்ல வேண்டும். நம் சாதனாவுக்குத் திக்கல் உண்டென்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். போன தடவை எல்லாக் கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரியும். முதல் பதிலில் பாதி வெளியே வருவதற்குள் நேரம் முடிந்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சேவியர் சார் தும்மலுக்கு நடுவே, "அவளைக் கூப்பிடவே மாட்டோம், பாஸ் மார்க் போட்டு, பக்கத்தில் விலக்கு என்று குறித்துவிடுவோம்" என்றார். நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி, வரும் வழியில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாதனா சிப்ஸைத் தொடவில்லை. "யா... யாரு கேட்டா அப்பா?" என்றாள். "உனக்காகத்தான்மா" என்றேன். "எனக்கு வைவா வேணும். நே... நேரம்தான் போதலை. பாஸ் மார்க் ஆருக்கு வேணும்? எனக்கு எல்லாம் தெரியும். நாளைக்கு மேல படிக்கப் போற எடத்துல, இது எந்தா விலக்குன்னு கேட்டா நான் என்ன சொல்லணும்? அப்பா வந்து பே... பே..." என்று நின்றாள். "பேசிட்டாருன்னு" என்று நான் முடித்துக்கொடுத்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாக்கியம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துத் தனக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு, "இப்பவும் முடிச்சாச்சா? சந்தோசமா?" என்றாள்.

மச்சான், இது என் தொழில் வியாதி. சேட்டு இன்னும் பழைய முள் தராசைத்தான் வைத்திருக்கிறார், பட்டன் தராசில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மூட்டையை ஏற்றினால் முள் ஆடும். அது ஆடி நின்றதும் நான் எடையைக் கூவி, "நின்னாச்சு, எழுதிக்கோ!" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கணக்குப்பிள்ளை எழுதுவார். ஆனால் எனக்கு முள் நிற்கும்வரை பொறுமை கிடையாது. அது ஆடும்போதே, எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக் கூவிவிடுவேன். பல தடவை சரியாக இருக்கும். சரியாக இல்லாத தடவைகளைப் பற்றி பம்பாய் வியாபாரிகள் சேட்டுவுக்கு விரிவாக எழுதியிருக்கிறார்கள். "முள்ளு நிக்கட்டும், வீரபாண்டி" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. வீட்டிலும் நான் அதே கதைதான். அவள் "ப" என்று தொடங்கினால் போதும், நான் பரோட்டா பொட்டலத்தோடு நிற்பேன். இந்தச் சண்டையின்போதுதான் தெரிந்தது, அவளுக்குப் பரோட்டா பிடிக்கவே பிடிக்காதாம். பாதி நாள் பழம் கேட்க வந்தவளாம். கேட்காத பண்டத்தைத் தின்றே என் மகள் வளர்ந்திருக்கிறாள்.

மறுநாள் சாதனாவே கல்லூரியில் விசாரித்து, மாற்றுத்திறன் மாணவர்களுக்கென்று அங்கே ஒரு பிரிவு இருப்பதாகவும், திக்கலும் அதில் சேரும் என்றும் சொல்லி என்னையும் அழைத்துப் போனாள். (சட்டையை இரண்டு தரம் துவைத்துப் போட்டுக்கொண்டேன்.) அதைப் பார்த்துக்கொள்வது ஸ்வர்ணலதா டீச்சர், பாலக்காட்டுத் தமிழ்க்காரர். "கேட்டேளா, நீங்க கொடுத்த மனுவைத் திரும்பி வாங்கிண்டா மாத்திரம் போறாது. அவளுக்கு என்ன வேணுங்கறதை அவளே பிரின்சிபல் முன்னாடி வந்து சொல்லணும். நீங்க பக்கத்துல இருக்கலாம். ஆனா ஒரு அக்ஷரம் மிண்டப்படாது" என்றார். மிண்டுவது என்றால் இங்கே வாயைத் திறப்பது. "ஒரு அக்ஷரம்கூடவா?" என்றேன். "இதோ, இப்பவே நாலஞ்சு போயிடுத்து" என்றார்.

அங்கே பிள்ளைகள் கேட்டுப் பழகுகிறார்கள் மச்சான். டீச்சர் கோபக்கார வாத்தியாராக நடிக்கிறார், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்த் தங்களுக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். சுதீர் என்றொரு பையன், கண்பார்வை மிகக் குறைவு, வாய் மிக அதிகம். கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் கேட்டானாம். படுக்கை விரிப்பு அகலத்தில் ஒரு தாள் கொடுத்தார்களாம், அதில் ஒரே ஒரு கேள்வி. திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்டானாம். "அங்கிளே, கேட்டா தரும். பக்ஷே முதல்ல தப்பாத்தான் தரும். பின்னையும் போய்க் கேக்கணும். நாணிச்சு வீட்டுக்குப் போனா, ஆ பெட்ஷீட்டைப் போர்த்திக் கிடக்க வேண்டியதுதான்" என்றான். வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிவிடக் கூடாது என்கிறான். சாதனா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பில் அவளுக்குத் திக்கல் கிடையாது.

பிரச்சினை என்னிடம்தான் இருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தோம். சாதனா பேச, பாக்கியம் பிரின்சிபலாக உட்கார, நான் நானாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் நானேதான் கெடுத்தேன். உதட்டைக் கடித்தேன், துண்டைக் கடித்தேன். கடைசியில் தங்கள் தங்கைதான் ஒரு யோசனை சொன்னாள். "கிராம்பை வாயில போட்டுப் பல்லை இறுக்கிக்கிடுங்க. வாயத் தொறந்தா கீழ விழும், விழுந்தா மானம் போகும்" என்றாள். நல்ல யோசனை. குடோனில் கிராம்புக்கா பஞ்சம்? ஒன்று போட வேண்டிய இடத்தில் ஒரு பிடி போட்டுக்கொண்டு போனேன். பல்வலிக்காரர்களுக்குக் கிராம்பு ஏன் வைக்கிறார்கள் என்பதை அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை.

பிரின்சிபல் அறையில் அவர், சேவியர் சார், ஸ்வர்ணலதா டீச்சர், நாங்கள் இருவர். சேவியர் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார். பிரின்சிபல் என்னிடம், "பேர் என்ன?" என்று கேட்டார். பெயரைச் சொல்லாமல் எப்படி? வாயைத் திறந்தேன். நாக்கைக் காணவில்லை மச்சான். மரத்துப்போய் வேறு யாருடைய நாக்கோ மாதிரி கிடந்தது. "வீ... வீழ... வீலப்..." என்று ஏதோ வந்தது, கூடவே ஒரு கிராம்பும் மேசைமேல் போய் விழுந்தது. சேவியர் சார் உதவிக்கு வந்து, "வீலப்பன்?" என்றார். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. என் பெயரை முடிக்க இவர் யார்? அப்போது சாதனா சொன்னாள்: "சார், அப்பாவுக்குக் கொ... கொஞ்சம் டைம் கொடுங்க. சொல்லிருவாங்க." எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். என் பெயர் அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லவில்லை. ஒருவழியாக வீரபாண்டி என்று சொல்லி முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. இதைத்தான் இந்தப் பிள்ளை தினமும் கடையில், படகில், வகுப்பில் செய்துகொண்டிருக்கிறது.

அப்புறம் அவள் முறை. அவள் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். "எங்க அப்பா கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கிறோம். எனக்கு வைவா வே... வே..." என்று நின்றாள். "வேண்டாம், அவ்வளவுதானே?" என்றார் சேவியர் சார். நல்ல மனிதர் மச்சான், குரலில் அத்தனை இரக்கம். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அக்ஷரம் மிண்டாமல் உட்கார்ந்திருந்தேன். சாதனா அவரைப் பார்த்து, "சார், நான் இன்னும் மு... முடிக்கலை" என்றாள். சேவியர் சார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "வேணும்" என்றாள். "வைவா வேணும். மத்தவங்களுக்குக் கொடுக்கிற நேரத்தைப் போல ரெண்டு மடங்கு வேணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் வார்த்தையை யாரும் முடிக்கக் கூடாது. எனக்குப் பதில் தெரியலைன்னா தெரியலைன்னு நானே சொல்லிக்கிறேன். அதுக்கும் கொஞ்சம் நே... நேரம் ஆகும்." பிரின்சிபல் சிரித்துவிட்டார். சேவியர் சார், "நான் உதவி பண்றதா நினைச்சேன் மோளே" என்றார். "எங்க அப்பாவும் அப்படித்தான் சார்" என்றாள். பிரின்சிபல் பேனாவைத் திறந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே மச்சான், தாங்கள் ரயிலேறி வந்து, பிரின்சிபலிடம் தாங்களே பேசி முடித்துவிடுவதாகச் சொல்லியிருப்பதை அன்புகூர்ந்து கைவிட வேண்டும். வைவா வருகிற புதன்கிழமை. அன்று கல்லூரி வாசலுக்குக்கூட நான் போகப் போவதில்லை. வியாழக்கிழமை தாராளமாக வாருங்கள், கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் காத்திருக்கும். சாதனாவிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் வரும்வரை உட்காருங்கள். தாங்கள் வருஷா வருஷம் அவள் நாக்கில் தடவ அனுப்பும் வசம்பு பத்திரமாக இருக்கிறது. வண்டு வராமலிருக்கப் பாக்கியம் அதை அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறாள். இதுவரை எந்த வண்டுக்கும் திக்கல் வரவில்லை. அக்காவுக்கு என் வணக்கம், தங்கள் ஸ்கூட்டருக்கு என் மரியாதை. முருகன் எல்லோருக்கும் வாயையும், அதை மூடிவைக்கும் சக்தியையும் சம அளவில் தரட்டும்.

தங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட (புதன்கிழமை நீங்கலாக),
வீரபாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் சாதனாவிடம் கொடுத்தேன். அவளுக்கு மலையாளம் போலத் தமிழ் ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பெரும்பாலான இடங்களில் காத்திருந்தேன். வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அப்பா, மிண்டாம இருந்தீங்கன்னா எழுதியிருக்கீங்க? நான் பேசினப்ப முழுக்க உங்க வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு முன்னாடி உங்க உதட்டுல வந்துச்சு. ஸ்வர்ணலதா டீச்சர் சிரிப்பை அடக்க மாட்டாம ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் நான் அமைதியாக இருந்ததாக வரும் இடங்களையெல்லாம் தாங்கள் அடித்துவிட்டு வாசிக்கவும். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியவில்லையாம், அப்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேனாம். என்னவென்று திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் சொல்லவில்லை. தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் சொல்லி முடித்து, பிரின்சிபல் பேனாவைத் திறந்தாரே, அப்போது தொண்டை வரை வந்து நின்றது: "நின்னாச்சு, எழுதிக்கோ!"