என் கார்ட் என் கையில்

இனி எந்தப் பொலிஸ்காரர் மறித்துக் கேட்டாலும் அடையாள அட்டையைக் காட்டுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து இந்தத் தீர்மானத்தை எடுத்தேன். பருப்புக் கறி சாட்சி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் பளீல். ஊர் மடவளை. தொழில் மிளகு, கராம்பு, சாதிக்காய். ஹுன்னஸ்கிரிய வரைக்கும் வேனில் ஏறிப்போய் வாங்கி, கண்டியில் விற்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் இருந்தேன். மிச்சத்தை மிளகுச் சாக்குகள் படிப்பித்தன. கோபம் கொஞ்சம் கூட. வரும்போது முதலில் காதுதான் சிவக்கும். அதைப் பார்த்தே விலையைக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள்.

குறைக்காதவர்களுக்கு வேறு மருந்து. திரும்பி நடப்பேன். ஓர் அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில் "நானா, கொஞ்சம் நில்லுங்க" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் வரும். இருபத்திரண்டு வருஷத்தில் நாலாவது அடி வைக்க என்னை யாரும் விட்டதில்லை.

அப்படிப்பட்ட என்னை வியாழக்கிழமை ரோட்டோரத்தில் மறித்தார் ஒரு பொலிஸ்காரர். வேனுக்குப் பக்கத்தில் நின்று வெறும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். கார்டைக் கேட்டார். கொடுத்தேன். அதில் எனக்குப் பதினெட்டு வயது, தலை நிறைய மயிர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். கூட இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது ஒங்கட மகனா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிளேன்டீக் கடைக்காரனும் சிரித்தான். கார்ட் பத்து நிமிஷம் அவர் கையிலேயே இருந்தது. என் காது வீடு வரும்வரை ஆறவில்லை.

அன்று இரவே ஃபோனில் ஒரு சட்டத்தரணி பேசிய வீடியோ வந்தது. பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டுமா, வேண்டாமா என்று தொடங்கினார். பாதியில் டேட்டா முடிந்துவிட்டது. பரவாயில்லை, பாதிச் சட்டமே எனக்குத் தாராளம்.

வெள்ளிக்கிழமை சோற்றை வைத்துவிட்டு என் மனைவி ஸக்கியா வழக்கமான பேச்சைத் தொடங்கினாள். கெலிஓயாவில் அவளுடைய தாத்தா, அதாவது கூடப்பிறந்த மூத்தவள், ரபீகா கால் முறிந்து கிடக்கிறார். பார்த்துக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸில் போனால் கண்டியில் இறங்கி, மாறி, திரும்பி வருவதற்குள் பொழுது போய்விடும்.

"இண்டைக்காவது என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அடுத்த கிழமை" என்றேன். இதையே ஆறு வாரமாகச் சொல்கிறேன் என்பது என் ஞாபகத்தில் இல்லை. அவள் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. "அத விடு. நான் இனிப் பொலிசுக்கு ஐடென்டி காட்டமாட்டேன்."

வாங்கிப்போன வேன் ஜாக்கைத் திருப்பித் தர வந்திருந்தார் பக்கத்து வீட்டு ராஜலிங்கம். திரீவீல் ஓடுபவர். சோற்றுக்குப் பிறகு வரும் இனிப்பான வட்டிலப்பத்துக்காகக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டா காட்டத்தான் வேணும்னு சொல்றாங்களே முதலாளி" என்றார்.

"யாரு செல்ற?"

"ஊரே சொல்லுதுங்க."

"ஊரு முழு வீடியோவும் பார்த்தீக்கா?"

அவர் வட்டிலப்பத்தில் கவனமானார். ஸக்கியா என்னைக் கூர்ந்து பார்த்தாள். அவளுக்கு அறியும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து நான் மகிழ்ந்தேன்.

"காட்டினா என்ன, தேஞ்சா போகும்?"

"தேய்ற கத இல்ல ஸக்கியா, மானத்துட கத. முதலாவது சட்டம்: கேக்கிறவன் காரணத்தச் செல்லணும்."

"ரெண்டாவது?"

"என்ட கார்ட் என்ட கையில. வேறொருத்தன் அத வெச்சிக்கிட்டிருக்க ஏலா. அஞ்சு நிமிஷம்கூட ஏலா."

"மூணாவதும் ஈக்கா?"

"ஈக்கி. எங்க போறாய், எங்கேருந்து வாறாய் எண்டு கேட்டா, பதில் செல்லத் தேவல்ல. கால் என்ட கால்."

"இதெல்லாம் ஆம்புளைகளுக்கு மட்டுமா?"

மேசையில் ஓங்கித் தட்டினேன். ஊறுகாய் போத்தல் குதித்தது. "மனிசருக்கு மனிசர் ஒரே சட்டம்! ஆம்புளை என்ன, பொம்புளை என்ன!"

"ராஜலிங்கம் அண்ணே, கேட்டீங்கதானே?"

"கேட்டேங்க தங்கச்சி."

ஸக்கியா கையைக் கழுவினாள். துடைத்தாள். என் முன்னால் நீட்டினாள்.

"அப்ப என்ட கார்டத் தாங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த மறுகிழமையே, பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுடைய அடையாள அட்டையை வாங்கி அலுமாரியில் என் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்துப் பூட்டினேன். எலெக்ஷனுக்கு எடுத்துக் கொடுப்பேன். அவள் விரலில் மை காயுமுன் திரும்ப வாங்கிவிடுவேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

"என்னத்துக்கு?" என்றேன்.

"முதலாவது சட்டத்துப்படி காரணத்த நீங்கதான் செல்லணும். என்னத்துக்கு வெச்சீக்கிறீங்க?"

நான் ராஜலிங்கத்தைப் பார்த்தேன். அவர் வட்டிலப்பக் கோப்பையின் அடியைப் பார்த்தார். அதில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கும்தான்.

கொடுத்தேன்.

*

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஸக்கியா அபாயா போட்டு, ஹேண்ட்பேக் மாட்டி, ராஜலிங்கத்தின் திரீவீலில் ஏறிப்போனாள். பகல் சோற்றுக்கு வந்துவிட்டாள்.

"எங்க போன?"

"மூணாவது சட்டம்."

புதன்கிழமை மறுபடியும். அடுத்த திங்கள் மறுபடியும்.

மிளகில் கல் கலந்திருந்தால் சாக்குக்குள் கையை விட்டதும் சொல்லிவிடுவேன். கராம்பை ஒன்று கடித்தால் எந்த மழையில் நனைந்தது என்றுகூடச் சொல்வேன். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் இரண்டு மணித்தியாலம் எங்கே போகிறாள் என்று மட்டும் தெரியவில்லை. பாஸ்போர்ட் எடுக்கிறாளா? வெளிநாடு போகப்போகிறாளா? கெலிஓயாவுக்கா? இரண்டு மணித்தியாலத்தில் போய் வர ஏலாது. அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். புல் ஒட்டியிருந்தது. அபாயாவை முகர்ந்து பார்த்தேன். பெற்றோல் மணந்தது. புல்லும் பெற்றோலும்! மண்டை வெடித்துவிடும்போல இருந்தது.

ராஜலிங்கத்தை வழியில் மறித்தேன்.

"எங்க கொண்டுபோய் எறக்குறீங்க?"

"ஏத்துறேன், எறக்குறேன். அதுக்கு மேல நமக்கு எதுக்குங்க முதலாளி?"

"எந்த ரோட்டு? அத மட்டும் செல்லுங்க."

"ரோட்டுல வச்சுக் கேள்வி கேட்டா பதில் சொல்லத் தேவையில்லன்னு நீங்கதானே மேசையில தட்டுனீங்க?"

காது சிவந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு திரீவீலை ஸ்டார்ட் செய்தார்.

அதற்குப் பிறகு நான் மிளகு வாங்கப் போனாலும் மனம் மிளகில் இல்லை. ஹுன்னஸ்கிரியவில் ஒருவர் சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொண்டேன். அவர் பயந்துபோய், "நானா, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாவது கிழமை, புதன்கிழமை. முடிவெடுத்தேன். வேனில் போனால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் லைசன் வேனிலேயே கிடந்தது. அடையாள அட்டையோ வீட்டில். கையில் இருந்தால் பயத்தில் காட்டிவிடுவேன் என்று அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு அதை லாச்சியில் போட்டுவிட்டிருந்தேன். லாச்சியைப் பூட்டவில்லை. பூட்டி வைத்த சாமான்தான் போய்விட்டதே.

முன்னால் போன திரீவீல் கட்டுகஸ்தோட்டைக்கு இந்தப் பக்கம் ஆற்றோரத்து மைதானத்தில் நின்றது. நான் அடுத்த ஹோல்ட்டில் இறங்கி ஓடிவந்து ஒரு பலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். மைதானத்தில் ஒரு பழைய கார் விக்கல் எடுத்ததுபோல் துள்ளித் துள்ளிப் போனது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' எழுத்து. உள்ளே யார் என்று தெரியவில்லை. அடுத்த மரத்துக்குப் போனேன். அங்கிருந்தும் தெரியவில்லை. அதற்கடுத்த மரத்திலிருந்து கழுத்தை நீட்டினேன்.

பின்னாலிருந்து என் தோளை யாரோ தட்டினார்கள்.

பொலிஸ் சார்ஜன்ட். மெலிந்த, பொறுமையான மனிதர். சிங்களத்தில்தான் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அடையாள அட்டை?"

இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"காரணத்தைச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்" என்றார் அவர். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "இங்கே பெண்கள் கார் ஓட்டப் பழக வருகிறார்கள். ஓர் ஆள் மரத்துக்கு மரம் ஒளிந்து பார்க்கிறார் என்று பயந்து ஒருவர் பொலிசுக்கு ஃபோன் எடுத்தார். அந்த ஆள் நீங்கள். போதுமா, இன்னும் வேண்டுமா?"

வீடியோவில் இந்தக் கட்டம் இரண்டாவது பாதியில் இருந்திருக்க வேண்டும்.

"நான் கெட்டவன் இல்லை சேர். என் மனைவி அங்கே இருக்கிறாள்."

"எந்த மனைவி?"

"ஒன்றுதான் சேர்."

"கார்டைக் காட்டுங்கள்."

"கார்ட் வீட்டில்."

"லைசன்?"

"வேனில்."

"வேன்?"

"அதுவும் வீட்டில்."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பெண் உங்களைத் தெரியும் என்று சொன்னால் போகலாம். இல்லாவிட்டால் பொலிசுக்குப் போய் ஆறுதலாகப் பேசுவோம்."

காரை நிறுத்தச் சொன்னார். டிரைவர் சீட்டிலிருந்து ஸக்கியா இறங்கினாள். என் ஸக்கியா! அலுமாரிச் சாவியைக்கூட நேராகத் திருப்பத் தெரியாதவள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த ஸக்கியா!

"நோனா, இவரைத் தெரியுமா?"

அவள் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். சந்தையில் நான் சாக்கைப் பார்ப்பேனே, அதே பார்வை.

"பார்த்த முகம்போலத்தான் இருக்கிறது சேர். ஆனால் ஐடென்டி இல்லாமல் எப்படி நிச்சயமாகச் சொல்வது?"

"ஸக்கியா!"

"குரலும் கேட்ட குரல்தான். இரண்டு நிமிஷம் தனியாகப் பேசிப் பார்க்கட்டுமா சேர்?"

சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். தலையாட்டினார். அவள் என்னைப் பலா மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தமிழுக்கு மாறினாள்.

"கிழமைக்கு மூணு நாள் வேன் சாவி. நான் தாத்தாவப் பார்க்கப் போகணும்."

"பைத்தியமா ஒனக்கு? மொதல்ல அவருக்கிட்ட செல்லு!"

"மூணு நாள்."

தொழில் புத்தி எங்கே போகும்? "ஒரு நாள்" என்றேன்.

"நாலு நாள்."

"என்ன, கூடுது?"

"ஒங்களுக்கு மிளகு விக்கிறவன் கொறைப்பான். நான் கூட்டுவேன்."

"சரி, ரெண்டு நாள். லைசன் கெடச்ச பொறகு. நோன்புக்குப் பொறகு. நானும் கூட வருவேன்."

"அடுத்த கிழமையா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. "தாத்தா தனியாக் கெடந்து ஒம்பது கிழம, தெரியுமா?"

அவள் திரும்பி நடந்தாள்.

ஓர் அடி. எனக்குத் தெரியும், இது என் வித்தை. இதற்கு மருந்து பேசாமல் நிற்பதுதான். இரண்டு அடி. நின்றேன். மூன்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இனி அவளே திரும்புவாள்.

நாலாவது அடியையும் வைத்தாள்.

நாலாவது அடி இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. சார்ஜன்ட் இடுப்பு வாரைச் சரிசெய்துகொண்டு என்னை நோக்கி வரத் தொடங்கினார்.

"ஸக்கியா! கொஞ்சம் நில்லு! நாலு நாள்! நாலு நாளும் எடுத்துக்க! லைசன் வாற வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். இண்டைக்கே!"

அவள் நின்றாள்.

"ஞாபகம் வந்ததா நோனா?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"வந்துவிட்டது சேர். என் கணவர்தான். வெயிலில் அடையாளம் தெரியவில்லை."

"இனி இவரைக் கார்ட் இல்லாமல் வெளியே விடாதீர்கள்" என்று என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜலிங்கத்தின் திரீவீலில் ஏறினோம். அவர் கண்ணாடியில் என் காதைப் பார்த்துவிட்டு, மரியாதையாக ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் ஸக்கியா முகம் துடைக்கக் கைலேஞ்சி எடுக்க ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். உள்ளே தலை நிறைய மயிரோடு ஒரு பதினெட்டு வயதுப் பையன் என்னைப் பார்த்து முறைத்தான்.

"இது என்ட கார்ட்! எப்ப எடுத்த?"

"லாச்சி தெறந்து கெடந்திச்சி. பத்திரமா ஈக்கட்டுமேண்டு எடுத்து வெச்சேன்."

"அப்ப அங்க அந்த மனிசன் கேக்கக்கொள்ள ஒன்ட பேக்லதான் இருந்திச்சா?"

"என்னக் கேக்கல்லயே. ஒங்களத்தானே கேட்டார்."

கையை நீட்டினேன்.

"தா இங்க."

ஹேண்ட்பேக் 'டக்' என்று மூடிக்கொண்டது.

"என்னத்துக்கு?" என்று கேட்டாள் ஸக்கியா.