சம்பந்தி பக்கத்தில் கிளம்பிய குமிழிகள்

கிரிஸ்டல் ரிவர், ஃபுளோரிடா
ஜனவரி 14

மதிப்புக்குரிய அண்ணன் கிளெட்டஸ் அவர்களுக்குத் தம்பி டெல்மர் பணிவுடன் எழுதுவது. இங்கு என் மானத்தைத் தவிர யாவரும் சுகம். அங்கு உங்கள் முழங்காலும் அண்ணியும் சுகம்தானே?

கல்யாணத்துக்கு எடுத்த விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். ஜோலீன் கல்யாணம் அநேகமாக நின்றுவிட்டது. நிறுத்தியது, அவளைப் பெற்ற நானும் ஒரு கடற்பசுவும்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பாஸ்டனிலிருந்து சனிக்கிழமை வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி, பெயர் விட்டேக்கர், சிரித்தால் அபராதம் என்பது போன்ற முகம். நாமோ நண்டு பிடிக்கிற குடும்பம், என்ன பேசுவது? சரி, ஊர்ப் பெருமையைக் காட்டுவோம் என்று அவர்களுக்கு ரப்பர் உடையும், முகத்தை நீரில் வைத்தபடி மூச்சு விடும் குழாயும் மாட்டி ஊற்றுக்கு அழைத்துப்போனேன். கடல் குளிர்ந்துவிட்டதால் கடற்பசுக்கள் எல்லாம் வெதுவெதுப்புக்கு அங்கேதான் கிடக்கின்றன. வழிகாட்டி மேவிஸ், "தொடாதீங்க, துரத்தாதீங்க, கட்டை மாதிரி மிதங்க" என்றாள். மிதந்தோம். கீழே ஒரு தாய், முதுகெல்லாம் படகு இயந்திரத்தின் விசிறி கிழித்த தழும்பு. அதன் அக்குளில் வாய் வைத்துக் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. நீதிபதி அசையாமல் பார்த்தார். எனக்கே கண் கலங்கியது. அப்போதுதான் அவர் வயிற்றுப் பக்கமிருந்து பெரிது பெரிதாகக் குமிழிகள் கிளம்பின. அவர் மனைவி தலையைத் தூக்கி, "ஹார்லன்! இங்கேயுமா?" என்றார். "நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!" என்று நீதிபதி அலற, மேவிஸ், "அவர் இல்லம்மா, அடியில ஒண்ணு கிடக்கு. வாயுவை அடக்கினா அது மேல வரும், விட்டா கீழ போகும்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சிரித்துத் தொலைத்தேன். வாயிலிருந்த குழாயில் தண்ணீர் ஏறி, புரையேறி, கைக்குக் கிடைத்த சம்பந்தியைப் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் முங்கி எழுந்து பார்த்தால், அந்தக் கடற்பசு துடுப்புக் கைகளால் அவர் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறது! "எடுங்க இதை!" என்றார். "நீங்கதான் தொடக் கூடாது சார், அது தொடலாம். அசையாம இருங்க" என்றாள் மேவிஸ். பதினேழு நிமிடம், அண்ணா! அது விட்டதும் நேரே விடுதிக்குப் போனவர் இரவு விருந்துக்கும் வரவில்லை, ஞாயிறு முழுக்கத் தொலைபேசியையும் எடுக்கவில்லை.

"அப்பா, ஒரே ஒரு நாள் உங்களால சிரிக்காம இருக்க முடியாதா?" என்று ஜோலீன் அழுகிறாள். என் மனைவி நடீனோ, "எதை எப்ப அடக்கணும், எப்ப விடணும்னு ஒரு கடற்பசுவுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியல" என்கிறாள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டைக் காக்கட்டும், நேரமிருந்தால் என் வீட்டையும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
டெல்மர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கதவு தட்டப்பட்டது. நீதிபதி, தலை சொட்டச் சொட்ட! இரண்டு நாளாக விடியலில் தனியாக ஊற்றுக்குப் போய்வருகிறாராம். "சம்பந்தி, முப்பது வருஷமா என்னைப் பார்த்தவங்க எல்லாரும் ஒதுங்கித்தான் போனாங்க. யாரும் கட்டிப் பிடிச்சதில்ல" என்றார். கல்யாணத்தை அந்த ஊற்றங்கரையிலேயே வைக்க வேண்டுமாம். எனவே டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். ஆனால் தங்குவதற்கு வேறு இடம் பாருங்கள். உங்களுக்கென்று வைத்திருந்த அறையில், கடற்பசுக்கள் கடலுக்குத் திரும்பும் மார்ச் வரைக்கும் அவர் இருக்கப்போகிறார்.